வளைகுடா விமான நிலையங்கள்: வானிலையும் விமானியின் முடிவும்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி நண்பகல் கடந்த வேளையில், திருவனந்தபுரத்திலிருந்து 282 பயணிகளையும் 18 பணியாளர்களையும் ஏற்றிவந்த எமிரேட்ஸ் நிறுவனத்தின் போயிங் 777 ரக விமானம் துபாயில் தரையிறங்க முற்பட்டது. ஓடுபாதையைத் தொட்ட சில விநாடிகளில் அது மீண்டும் மேலெழ முயன்றது; முடியாமல் ஓடுபாதையிலேயே மோதித் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயை அணைக்கப் போராடிய தீயணைப்பு வீரர் ஒருவர், விமானத்தின் எரிபொருள் கலன் வெடித்ததில் உயிரிழந்தார்.

அன்று துபாயில் மழையோ இடியோ இல்லை. வெப்பம் 48 டிகிரி செல்சியசை எட்டியிருந்தது. காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். வளைகுடாக் கரையோரத்தில் கோடைக்காலத்தில் வழமையாகக் காணப்படும் நிலைமை அது.

சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், கொழும்பு ஆகிய நகரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பும் தமிழர்கள் ஏராளம். விமானம் தாமதமாகும்போதும், வேறு ஊருக்குத் திருப்பி விடப்படும்போதும், இறங்கப்போன விமானம் திடீரென மீண்டும் மேலே எழும்போதும் அவர்களுக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் 'வானிலை காரணமாக' என்ற இரண்டு சொற்கள்தாம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் நடப்பது என்ன?

கடலும் பாலைவனமும்

வளைகுடாவின் அரபுக் கரையில் உள்ள பெரிய விமான நிலையங்கள் பலவும் கடலுக்கும் பாலைவனத்துக்கும் இடையிலான குறுகிய பட்டையில் அமைந்தவை. துபாய், அபுதாபி, ஷார்ஜா, தோஹா ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். அங்கு வானிலையைப் பெரிதும் தீர்மானிப்பது நிலமும் நீரும் வெவ்வேறு வேகத்தில் சூடேறிக் குளிர்வதுதான்.

இரவில் பாலைவனம் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. கடல் அவ்வளவு எளிதில் குளிர்வதில்லை. ஆகவே அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. பகலில் நிலைமை தலைகீழாகிறது. மணல் கொதிக்கத் தொடங்கியதும், கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று திரும்புகிறது. துபாயில் நிலக்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்தும், கடற்காற்று வடமேற்கிலிருந்தும் வருகின்றன.

விமானங்கள் எதிர்க்காற்றில் இறங்குவதும் எழுவதும் பாதுகாப்பானவை. எதிர்க்காற்று இருந்தால் தரையுடன் ஒப்பிடுகையில் வேகம் குறையும். குறைந்த தூரத்தில் நிற்க முடியும். இதனால்தான் துபாயின் இரு ஓடுபாதைகளும் தென்கிழக்கு - வடமேற்காக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஓடுபாதைகளின் பெயரில் வரும் 12, 30 ஆகிய எண்கள், திசைகாட்டியின் 120 டிகிரியையும் 300 டிகிரியையும் சுருக்கமாகக் குறிப்பவை. தென்கிழக்குக் காற்று வீசும்போது விமானங்கள் கடல் பக்கத்திலிருந்து வந்து இறங்கும். வடமேற்குக் காற்று வலுத்ததும் பாலைவனப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும்.

சிக்கல் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் எழுகிறது. நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று உள்ளே நுழையும் அந்த இடைவேளையில், ஓடுபாதையின் ஒரு முனையில் ஒரு திசையிலும் மறுமுனையில் வேறு திசையிலும் காற்று வீசக்கூடும். சிறிய தூரத்துக்குள் காற்றின் வேகமோ திசையோ இப்படித் திடீரென மாறுவதை விமானத்துறையில் 'விண்ட்ஷியர்' என்கிறார்கள்.

இறங்கும் விமானத்துக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று திடீரென எதிர்க்காற்றாக மாறினால், இறக்கைகளின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடுகிறது. விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே செல்கிறது. எதிர்க்காற்று திடீரென அற்றுப்போனால் விமானம் தொய்ந்து கீழே விழப் பார்க்கிறது. ஓடுபாதைக்குச் சில மீட்டர் உயரத்தில் இவற்றில் எது நடந்தாலும், விமானிக்கு யோசிக்கக் கிடைப்பது சில விநாடிகளே.

வெப்பம் உயர்த்தும் தரை

துபாய் விமான நிலையம் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயரமானது. ஆனால் கோடை நண்பகலில் விமானத்துக்கு அது ஒரு மலைப்பகுதி விமான நிலையம் போல ஆகிவிடுகிறது.

காற்று சூடேறினால் விரிகிறது, அடர்த்தி குறைகிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலை என்ற நியமக் கணக்குடன் ஒப்பிட்டால், 48 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் காற்றின் நிலைக்கு இது சமம். அதாவது, பெங்களூரைவிடவும் சற்று உயரமான ஓர் இடத்திலிருந்து புறப்படுவதைப் போன்றது. வளைகுடாவின் கடும் ஈரப்பதம் இந்த அடர்த்தியை இன்னும் சிறிது குறைக்கிறது.

அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகளுக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறைகிறது. எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது. எனவே விமானம் நீண்ட தூரம் ஓடியே மேலெழ வேண்டும். எழுந்த பின்னும் மெதுவாகவே உயர முடியும். துபாயின் ஓடுபாதைகள் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டவை என்பது இதற்கு ஓரளவு ஈடுசெய்கிறது. அதுவும் போதாத வேளைகளில் சரக்கையோ பயணிகளின் எண்ணிக்கையையோ குறைத்து எடையை மட்டுப்படுத்துவது தவிர வேறு வழியில்லை. நீண்டதூர விமானங்கள் பல இரவிலும் அதிகாலையிலும் புறப்படுவதற்கு இணைப்பு விமானங்களின் நேர அட்டவணை முக்கியக் காரணம் என்றாலும், இரவின் குளிர்ந்த காற்று விமானிகளுக்கு அனுகூலமாகவே இருக்கிறது.

வெயிலில் காய்ந்த மணலிலிருந்தும் கான்கிரீட் பரப்பிலிருந்தும் எழும் வெப்பக்காற்றும் விமானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஓடுபாதையை நெருங்கும்போது பயணிகள் உணரும் குலுக்கலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

குளிர்கால மூடுபனி

கோடையின் எதிரி வெப்பம் என்றால், குளிர்காலத்தின் எதிரி மூடுபனி. பாலைவன நாட்டில் மூடுபனியா என்று வியப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குத் தேவையான எல்லாமே அங்கு இருக்கின்றன.

பாரசீக வளைகுடா ஆழமற்ற கடல். அதன் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். அது எளிதில் சூடேறி ஏராளமான நீராவியைக் காற்றில் சேர்க்கிறது. பகல் நேரக் கடற்காற்று அந்த ஈரத்தை நிலத்துக்குள் கொண்டுசெல்கிறது. மேகமற்ற, காற்று அடங்கிய இரவில் மணலும் 'சப்கா' எனப்படும் கரையோர உப்புநிலமும் வேகமாகக் குளிர்கின்றன. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. நள்ளிரவுக்குப் பின் படியும் இந்தப் பனி, சூரியன் ஏறிய பின்னரே விலகுகிறது. 2008ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி காலை அபுதாபி - துபாய் நெடுஞ்சாலையில் 200க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதும் இத்தகைய பனியில்தான்.

பனியில் விமானம் இறங்கவே முடியாது என்பதில்லை. தரையிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞைகளைப் பின்பற்றி இறங்கும் கருவி முறை உண்டு. அதன் சாதாரண வகையில், 200 அடி உயரத்துக்கு இறங்கியதும் விமானி ஓடுபாதையையோ அதன் விளக்குகளையோ கண்ணால் காண வேண்டும்; ஓடுபாதையில் சுமார் 550 மீட்டர் தூரமாவது பார்வைக்குத் தெரிய வேண்டும். இதைவிட மேம்பட்ட வகைகளில், தக்க கருவிகள் பொருத்தப்பட்ட விமானம், தக்க பயிற்சி பெற்ற விமானிகள், தக்க வசதிகள் கொண்ட ஓடுபாதை ஆகிய மூன்றும் அமைந்தால், நூறு மீட்டருக்கும் குறைவான பார்வைத் தூரத்திலும் தானியங்கி முறையில் இறங்க இயலும்.

அப்படியானால் தாமதம் ஏன்? பனிக் காலத்தில் தரையிலுள்ள வானொலிச் சமிக்ஞைகளுக்கு இடையூறு நேராதிருக்க, ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே வழமையைவிட அதிக இடைவெளி விட வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. தரையில் விமானங்கள் ஊர்ந்தே செல்ல வேண்டும். துபாயின் இரு ஓடுபாதைகளும் நெருக்கமாக அமைந்திருப்பதால், அவற்றை ஒன்றையொன்று சாராமல் இயக்கவும் முடியாது. 2024ஆம் ஆண்டில் 9 கோடியே 23 லட்சம் பயணிகளைக் கையாண்ட ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரப் பனி, நாள் முழுவதற்குமான அட்டவணையைக் குலைத்துவிடுகிறது.

இன்னொரு காரணம் பயணிகளுக்கு எளிதில் புரிவதில்லை. விமானிகளும் பணியாளர்களும் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டப்படியான வரம்பு உண்டு. காத்திருந்த நேரமும் அதில் சேரும். பனி விலகி வெயில் அடிக்கும் வேளையிலும் விமானம் கிளம்பாமல் நிற்பதற்கு, பணியாளர்களின் வேலை நேரம் முடிந்துபோனது காரணமாக இருக்கக்கூடும்.

ஷமாலும் பெருமழையும்

அரபு மொழியில் 'ஷமால்' என்றால் வடக்கு. இராக்கின் சமவெளிகளிலிருந்து வளைகுடா நெடுகிலும் வீசும் வடமேற்குக் காற்றுக்கு அதுவே பெயர். கோடையின் தொடக்கத்தில் நாட்கணக்கில் வீசும் இக்காற்று, டைக்ரிஸ், யூப்ரடிஸ் ஆற்றுப் படுகைகளின் உலர்ந்த மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்து வந்த புழுதிப் புயல்களால் பாக்தாத், குவைத் விமான நிலையங்களில் சேவைகள் நிறுத்தப்பட்டன. புழுதி பார்வையை மறைப்பதோடு நிற்பதில்லை. எஞ்சினுக்குள் செல்லும் நுண்மணல் அதன் தகடுகளை அரிக்கிறது. உள்ளிருக்கும் கடும் வெப்பத்தில் உருகிப் படியவும் செய்கிறது.

மழை அரிது, ஆனால் வந்தால் தாங்கும் ஏற்பாடு இல்லை என்பதை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி காட்டியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 1949ஆம் ஆண்டு பதிவுகள் தொடங்கிய பின் அதுவே மிகக் கடுமையான மழை என்று அந்நாட்டின் தேசிய வானிலை மையம் அறிவித்தது. அல் ஐன் பகுதியின் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. நாட்டில் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையே 100 மில்லிமீட்டர் அளவுதான். விமானங்கள் நிற்கும் பகுதியும் ஊர்திப் பாதைகளும் வெள்ளக்காடாயின. துபாயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சேவைகள் ரத்தாயின. மேகங்களில் உப்புத் துகள் தூவிச் செயற்கை மழை வரவழைத்ததே காரணம் என்று பேச்சு எழுந்தது. அந்த மழையின்போது அப்படி எதுவும் செய்யப்படவில்லை என்று வானிலை மையம் மறுத்தது. பல நாடுகள் மீது பரவியிருந்த பெரும் மழைத் தொகுதி அது என்பதைச் சுட்டிக்காட்டி, வானிலை அறிஞர்கள் பலரும் அந்தக் கூற்றை நிராகரித்தனர்.

மூன்று விபத்துகள், ஒரு கேள்வி

இவ்வளவு இடர்கள் இருந்தும், வானிலை மட்டுமே விமானத்தை வீழ்த்துவது அரிது. வானிலை ஒரு கேள்வியை எழுப்புகிறது: இறங்குவதா, கைவிட்டு மேலெழுவதா, வேறு ஊருக்குச் செல்வதா? அதற்கு விமானியும் நிறுவனமும் அளிக்கும் பதிலே முடிவைத் தீர்மானிக்கிறது. வளைகுடாவுடன் தொடர்புடைய மூன்று விபத்துகள் இதை விளக்குகின்றன.

முதலாவது, 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவு நடந்தது. கெய்ரோவிலிருந்து பஹ்ரைன் வந்த கல்ஃப் ஏர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம், இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழுந்த பின் கடலில் விழுந்தது. 143 பேரும் உயிரிழந்தனர். வானிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடுபாதையின் விளக்குகளைக் கடந்ததும் முன்னால் இருந்தது இருண்ட கடல். வானுக்கும் நீருக்கும் எல்லை தெரியாத இருட்டு. முழு உந்துவிசையில் விமானம் முன்னோக்கிப் பாயும்போது, மனித உடலின் சமநிலை உணர்வு அதை 'மூக்கு மேலே தூக்குகிறது' என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. விமானி அந்த உணர்வை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. கரையோர நிலையங்களில் இரவில் மேலெழும் விமானிகள் உடலின் உணர்வை நம்பாமல் கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும் என்ற பாடத்துக்கு இன்றும் இந்த விபத்து எடுத்துக்காட்டாகிறது.

இரண்டாவது, மேலே சொன்ன 2016ஆம் ஆண்டின் துபாய் விபத்து. எமிரேட்ஸ் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட இறுதி அறிக்கை, நடந்ததை விநாடி விநாடியாக விவரித்தது. காற்றின் மாற்றத்தால் விமானம் ஓடுபாதையின் மேல் மிதந்து, வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டது. விமானிகள் மேலெழ முடிவு செய்தனர், முடிவு தவறானதல்ல. ஆனால் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டால், தானாக உந்துவிசையைக் கூட்டும் பொத்தான் வேலை செய்யாது என்பது அவ்விமானத்தின் வடிவமைப்பு. கையால் விசையைக் கூட்ட வேண்டும். அது நடக்காததையும் இருவரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. எஞ்சின்கள் குறைந்த விசையிலேயே இருக்க, சக்கரங்களும் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் விமானம் மீண்டும் கீழே அமர்ந்தது.

அறிக்கை விமானிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தரையைத் தொட்ட பின் மேலெழுவதற்கான பயிற்சியில் இருந்த போதாமையையும் அது சுட்டியது. சற்று முன்னர் வந்த இரு விமானங்கள் இறங்காமல் மேலெழுந்த தகவல் இந்த விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் அதில் பதிவாகியுள்ளது. முன்னே சென்றவர் சந்தித்த காற்றைப் பின்னே வருபவருக்குச் சொல்வதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

மூன்றாவது விபத்து பயணத்தின் மறுமுனையில் நடந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி, கொரோனா தொற்றுக் காலத்தில் தாயகம் திரும்புவோரை ஏற்றிக்கொண்டு துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில், பின்புறக் காற்றோடு, ஓடுபாதையின் பாதித் தொலைவில் இறங்கி, மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். துணை விமானி மேலெழுமாறு கூறியும் அது செய்யப்படவில்லை என்று இந்திய விபத்து விசாரணை அமைப்பு கண்டறிந்தது. மறுநாள் காலையில் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட வேண்டிய விமானத்தை இயக்கும் பொறுப்பு தலைமை விமானிக்கு இருந்தது. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு காரணமாயிருக்கலாம் என்றும் அறிக்கை குறிப்பிட்டது.

பஹ்ரைனில் மேலெழுந்தது சரி. எழுந்த பின் வழி தவறியது. துபாயில் மேலெழும் முடிவு சரி, செயல்படுத்தியது தவறியது. கோழிக்கோட்டில் அந்த முடிவே எடுக்கப்படவில்லை.

எரிபொருளும் அழுத்தமும்

ஒவ்வொரு விமானமும் சேருமிடம் வரைக்குமான எரிபொருளோடு மட்டும் கிளம்புவதில்லை. மாற்று நிலையம் ஒன்றுக்குச் செல்வதற்கான எரிபொருளும், அதற்குப் பிறகும் 30 நிமிடம் வானில் வட்டமிடுவதற்கான இறுதி இருப்பும் அதில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. துபாயில் பனி என்றால் ஷார்ஜாவிலும் பனி இருக்கக்கூடும். ஆகவே மாற்று நிலையத்தை அருகில் மட்டும் தேடினால் போதாது. ஹஜர் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள மஸ்கட் போன்ற நிலையங்கள் இதனால் முக்கியத்துவம் பெறுகின்றன.

ஆனால் கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் எடை; கூடுதல் எடை என்றால் கூடுதல் செலவு. வேறு ஊரில் இறங்கினால் கட்டணம், தங்குமிடம், அடுத்தடுத்த சேவைகளின் குழப்பம் எல்லாம் நிறுவனத்தின் தலையில் விழும். இந்தக் கணக்குகள் விமானியறைக்குள் நுழையாமல் காப்பதே நிறுவனங்களின் முதற்கடமை என்று பாதுகாப்பு வல்லுநர்கள் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். இறங்காமல் மேலெழுந்த விமானியிடம் விளக்கம் கேட்டுத் தண்டிக்கும் நிறுவனத்தில், அடுத்த விமானி மேலெழத் தயங்குவார்.

பயணிகளின் தரப்பிலும் அழுத்தம் இல்லாமலில்லை. முப்பது நாள் விடுப்பில் ஊர் வருபவருக்கு ஒரு நாள் தாமதமும் இழப்பே. குறித்த தேதியில் வேலைக்குத் திரும்பாவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இந்தியாவும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தாமதத்தைத் தவிர்க்க இயன்ற அனைத்தையும் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் நட்டஈடு தர வேண்டியதில்லை. பனியால் ஏற்படும் தாமதத்துக்கு இழப்பீடு பெறுவது இதனால் கடினம். எனினும், தாமதத்துக்கான காரணத்தை நிறுவனத்திடமிருந்து எழுத்துமூலம் பெற்றுக்கொள்வது, வேலை வழங்குபவரிடம் காட்டப் பயன்படும்.

துபாயின் விமானச் சேவைகளைப் படிப்படியாகத் தெற்கே ஜபல் அலியை ஒட்டிய அல் மக்தூம் விமான நிலையத்துக்கு மாற்றும் திட்டம், பெருமழை பெய்த அதே 2024 ஏப்ரல் மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. அங்கு ஐந்து ஓடுபாதைகள் அமையவுள்ளன. ஓடுபாதைகள் கூடினால் பனி நாட்களின் நெரிசல் குறையலாம். ஆனால் பனியும் புழுதியும் நண்பகல் வெப்பமும் அங்கும் இருக்கும்.

எத்தனை ஓடுபாதைகள் வந்தாலும், கடைசி இருநூறு அடியில் எடுக்க வேண்டிய முடிவு விமானிகள் இருவருடையதே. இறங்கப்போன விமானம் பேரிரைச்சலுடன் மீண்டும் மேலெழும்போது பயணிகள் அஞ்சுவது இயல்பு. அந்த இரைச்சல் பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறியல்ல. இந்த முறை வேண்டாம், இன்னொரு முறை பார்க்கலாம் என்று விமானி முடிவெடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.